மேடைக்கு ஒரே ஒரு கிட்டார்: டிரெம் உள்ள ஸ்ட்ராட்டா, அசையாத பிரிட்ஜா?

ஏழாம்ஃப்ரெட்:
ஒன்றரை மணி நேர மேடை, இருபது பாட்டு, நடுவுல நிறுத்தி சுருதி சேர்க்க நேரம் கிடையாது. கையில ஒரே கிட்டார்தான். ஃபெண்டரோட ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரி டிரெம் உள்ளதா, கிப்சனோட லெஸ் பால் மாதிரி பிரிட்ஜ் அசையாததா? (பிரிட்ஜ்னா உடம்புப் பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்குற பாகம். டிரெம்னா அந்த பிரிட்ஜைக் கைப்பிடியால அசைச்சு சுருதியை மாத்துற அமைப்பு.) எது நல்லா ஒலிக்கும்னு கேக்கலை. எதுல சுருதி கடைசிப் பாட்டு வரைக்கும் நிக்கும், கெட்டா எதை அங்கேயே சமாளிக்க முடியும்? இதான் கேள்வி.

கட்டைப்பிரிட்ஜ்:
லெஸ் பால்தான். மிதக்குற டிரெம் ஒரு தராசு மாதிரி. ஒரு பக்கம் ஆறு ஸ்ட்ரிங்கோட இழுவை, மறுபக்கம் பின்னாடி இருக்கிற ஸ்பிரிங்குகளோட இழுவை. ஒரு ஸ்ட்ரிங் அறுந்தா ஸ்பிரிங் பக்கம் ஜெயிச்சுடும், மிச்சம் அஞ்சும் ஒண்ணா சுருதி ஏறிடும். பாட்டு நடுவுல அதுக்கு வைத்தியமே கிடையாது. அறுபடாமலே தொல்லை உண்டு: ரெண்டு ஸ்ட்ரிங்கைச் சேர்த்து வாசிச்சு ஒண்ணை மட்டும் வளைச்சா மத்தது இறங்கும். அசையாத பிரிட்ஜ்ல ஒண்ணு அறுந்தா மிச்ச அஞ்சை வெச்சுப் பாட்டை முடிச்சுடலாம். கையில ஒண்ணே ஒண்ணு இருக்கும்போது இதைவிட வேற என்ன வேணும்?

மிதவை:
டிரெம் இருந்தா மிதக்க விட்டே ஆகணும்னு யார் சொன்னது? பிரிட்ஜ் தகட்டை உடம்போட ஒட்டி உக்கார வெச்சுட்டா ஸ்ட்ரிங் அறுந்தாலும் மத்தது ஏறாது, ஏன்னா தகடு ஏற்கனவே மரத்துல முட்டி நிக்குது. கைப்பிடியைக் கீழே அமுக்கி சுருதி இறக்கலாம், மேலே ஏத்த மட்டும் முடியாது. எரிக் கிளாப்டன் இன்னும் ஒரு படி மேலே போய் அஞ்சு ஸ்பிரிங்கும் மாட்டி, மரத்துண்டு வெச்சே அடைச்சுட்டார். ஜெஃப் பெக் அதே ஸ்ட்ராட்டை மிதக்க விட்டு, கைப்பிடியிலயே ராகம் இழுத்தார். ஒரே கருவி, ரெண்டு வழி. லெஸ் பால்ல அந்தத் தேர்வே கிடையாது.

அடுத்தது, ஸ்ட்ரிங் ஏன் அறுந்து போகுது? அறுந்த முனை சாடில் (பிரிட்ஜ்ல ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உக்கார்ற சின்னத் துண்டு) பக்கம் இருந்தா குற்றவாளி சாடில்ல இருக்கிற பிசிறு. 600 எண் உப்புத்தாளை ஒரு பழைய ஸ்ட்ரிங்ல சுத்தி அந்த இடத்தை நாலஞ்சு தடவை இழுத்துத் தேய்ச்சா போயிடும். முதல்ல அதைச் செய்யுங்க, பிரிட்ஜைத் திட்டுறது அப்புறம்.

கட்டைப்பிரிட்ஜ்:
ஒட்டி உக்கார வைக்கிறதை எத்தனை பேர் சரியாச் செய்யறாங்க? ஸ்க்ரூவை ரெண்டு திருப்பு திருப்பிட்டு முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. பார்வைக்குத் தகடு ஒட்டியிருக்கும், மூணாவது ஸ்ட்ரிங்கை ஒரு ஸ்வரம் வளைச்ச உடனே தூக்கும்.

மிதவை:
சரிதான், அதனால செய்முறையையே எழுதறேன். பின்மூடியைக் கழட்டுங்க. கழுத்துப் பக்கம் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற கொக்கித் தகட்டை ரெண்டு நீள ஸ்க்ரூ மரத்தோட பிடிச்சிருக்கும். ரெண்டையும் அரைத் திருப்பு முறுக்குங்க, சுருதி ஏறும், ஆறு ஸ்ட்ரிங்கையும் திரும்பச் சேருங்க. மறுபடி அரைத் திருப்பு, மறுபடி சுருதி. பிரிட்ஜ் தகடு மரத்தைத் தொட்டதும் இன்னும் ஒரு முழுத் திருப்பு. இப்ப ஆறாவது ஸ்ட்ரிங்கை ஒலிக்க விட்டு மூணாவதை ஒரு முழு ஸ்வரம் வளைங்க. ஆறாவது கொஞ்சமும் அசையக் கூடாது. அசைஞ்சா இழுவை போதலை. 10-46 செட்டுக்கு (மெல்லிசு ஸ்ட்ரிங் 0.010 அங்குலம், தடிமனானது 0.046) மூணு ஸ்பிரிங் பெரும்பாலும் போதாது, நாலோ அஞ்சோ மாட்டுங்க.

எல்லாரும் மறக்கிற ஒண்ணு: தகடு இறங்கினதால சாடில்களும் இறங்கியிருக்கும், ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) உரசும். சாடில் உயரத்தை ஏத்தி, பன்னிரண்டாவது ஃப்ரெட்ல அமுக்கினா சுருதி சரியா வருதான்னு திரும்பப் பாக்கணும். இதெல்லாம் மேடைக்கு முந்தின நாள் செய்யற வேலை இல்லை, ஒரு வாரம் முன்னாடி செய்யணும்.

மரத்துண்டு வெச்சு முழுசா அடைக்கணும்னா துண்டு போக வேண்டியது பிரிட்ஜுக்குக் கீழே தொங்குற கட்டைக்கும் குழியோட வால் பக்கச் சுவருக்கும் நடுவுல. கழுத்துப் பக்கம் வெச்சா ஸ்ட்ரிங் இழுவையை அது தாங்காது.

அரம்:
ரெண்டு பேரும் பிரிட்ஜையே பிடிச்சுத் தொங்கறீங்க. மேடையில சுருதி விலகுற கிட்டார்களை எடுத்துப் பாத்தா பெரும்பாலும் கோளாறு மறுமுனையில இருக்கும், அதாவது நட்டுல (கழுத்தோட தலைப்பக்க முனையில, ஸ்ட்ரிங் பதியுற பள்ளங்கள் உள்ள பட்டை). ஸ்ட்ராட்டுக்கும் லெஸ் பாலுக்கும் இது பொது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஸ்ட்ரிங்கை நல்லா வளைச்சு விடுங்க. சுருதி இறங்கியே நிக்குதா? நட்டுக்கும் சாவிக்கும் (தலையில சுருதி சேர்க்கிற திருகு) நடுவுல அந்த ஸ்ட்ரிங்கை ஒரு தடவை விரலால அமுக்குங்க. சுருதி திரும்பி வந்துட்டா நட் பிடிக்குதுன்னு அர்த்தம். டிரெம்ல இதோட எதிர்ப்பதம்: கைப்பிடியை அமுக்கி விட்டதும் சுருதி ஏறியே நிக்கும், ஸ்ட்ரிங்கை ஒரு தடவை வளைச்சா சரியாகும். சாவியைத் திருப்பும்போது "டிங்"னு ஒரு சத்தம் கேட்டா சோதனையே தேவையில்லை.

இதுல லெஸ் பால் ஸ்ட்ராட்டைவிட மோசம். தலைப்பகுதி சுமார் 17 டிகிரி பின்னாடி சாய்ஞ்சிருக்கு, அதனால ஸ்ட்ரிங் நட்டை அழுத்திப் பிடிக்குது. அதோட பக்கத்துக்கு மூணு சாவிங்கிறதால நடுவுல இருக்கிற மூணாவதும் நாலாவதும் நட்டைத் தாண்டினதும் வெளிப்பக்கமா வளைஞ்சு போகுது. மூணாவது ஸ்ட்ரிங் எப்பவும் தகராறு பண்றதுக்கு இதான் காரணம். ஸ்ட்ராட்ல ஆறும் கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும்.

பள்ளம் எப்படி இருக்கணும்? அடிப்பாகம் தலைப்பக்கம் நோக்கிச் சரியணும், ஸ்ட்ரிங் தொடுற உச்சி ஃப்ரெட்போர்டு பக்க விளிம்புல இருக்கணும். உச்சி பின்னாடி போயிட்டா தந்தி சித்தார் மாதிரி ரீங்காரம் போடும், சுருதியும் தப்பா இருக்கும். அகலம் ஸ்ட்ரிங்கைவிட ஒரு மயிரிழை அதிகம். 9-42 செட்டுக்கு வெட்டின நட்டுல 10-46 மாட்டினா மூணாவது 0.016-லிருந்து 0.017 அங்குலம் ஆகும், ஆறாவது 0.042-லிருந்து 0.046. பள்ளம் கவ்விப் பிடிக்கும். செட் மாத்தினா நட்டையும் பாக்கணும், ஆனா யாரும் பாக்கிறதில்லை. உயரத்துக்கு: மூணாவது ஃப்ரெட்ல அமுக்கினா முதல் ஃப்ரெட்டுக்கு மேல ஒரு மெல்லிய காகிதம் அளவுதான் இடைவெளி தெரியணும். அரத்தை ரெண்டு தள்ளு தள்ளினதும் நிறுத்திப் பாருங்க. வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. அவசரத்துக்குப் பென்சில் கரியைப் பள்ளத்துல தேய்ங்க, ஒரு கச்சேரி தாங்கும்.

கட்டைப்பிரிட்ஜ்:
மூணாவது ஸ்ட்ரிங் விஷயத்தை ஒத்துக்கறேன். ஆனா அதை அரத்தால தீர்த்துடலாம்னு நீங்களே சொல்றீங்க. தீர்த்ததுக்கு அப்புறம் லெஸ் பால்ல அசையுற பாகம்னு சாவி மட்டும்தான் மிச்சம். ஸ்ட்ராட்ல நட், கைப்பிடி, ஸ்பிரிங், ஆறு ஸ்க்ரூ முனை, இத்தனை இடத்துல உராய்வு. குறைய வேண்டியது அசையுற பாகங்கள்தானே?

மிதவை:
அசையுற பாகம் குறைவுதான், உடையுற பாகம் அதிகம். அரம் சொன்ன அந்த 17 டிகிரி சாய்வுல மகாகனி மரத்தோட நரம்பு குறுக்கே வெட்டுப்படுது. அதே இடத்துல டிரஸ் ராடோட (கழுத்துக்குள்ள ஓடுற, அதோட வளைவைச் சரிபண்ற இரும்புக் கம்பி) திருகுமுனைக்காக ஒரு குழியும் தோண்டியிருக்காங்க. ஸ்டாண்டுல இருந்து மல்லாக்க விழுந்தா தலை முறிஞ்சுடும். ஸ்ட்ராட்டோட மேப்பிள் கழுத்துல தலை சாய்வே இல்லை, விழுந்தா பெயிண்ட்தான் பெயரும். கிட்டார் ஒண்ணுதான்னா இதை நினைச்சுப் பாக்கணும். எடை வேற: லெஸ் பால் 4 கிலோவுக்கு மேல, ஸ்ட்ராட் சுமார் மூணரை.

இரட்டைச்சுருள்:
சுருதியை மட்டும் பேசி முடிச்சுட்டா எப்படி? மேடையில மங்கல்-பிரகாசம் பண்ற விளக்குக் கருவிகள், பக்கத்துல ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர், எல்லாம் ஸ்ட்ராட்டோட ஒற்றைச் சுருள் பிக்கப்புல (ஸ்ட்ரிங் அதிர்வை மின் சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) இரைச்சலா வந்து விழும். கிப்சன்ல இருந்த சேத் லவர் 1955-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்ச ஹம்பக்கர் இதுக்காகத்தான் பிறந்தது: எதிரெதிரா சுத்தின ரெண்டு சுருள், எதிரெதிர் காந்தம், இரைச்சல் அடிபட்டு இசை மட்டும் கூடும். டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கிறவங்களுக்கு ஒவ்வொரு மௌனத்துலயும் இந்த வித்தியாசம் காதுல அடிக்கும்.

மிதவை:
நடு பிக்கப் எதிர்த்திசையில சுத்தினதா இருந்தா ஸ்ட்ராட்டோட பிக்கப் சுவிட்ச்ல ரெண்டாவது, நாலாவது நிலையிலயும் இரைச்சல் அடிபட்டுப் போகும். மத்த மூணு நிலையில இரையும், அது உண்மை. உடம்பை ஆம்புக்கு நேரா வைக்காம கொஞ்சம் திரும்பி நின்னா பாதி குறையும்.

அரம்:
இரைச்சல் பேச்சு வந்ததால ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். இரைச்சலைக் குறைக்கணும்னு ஆம்ப் பிளக்கோட எர்த் முனையை யாரும் துண்டிக்காதீங்க. கிட்டார்ல ஒரு கை, மைக்ல உதடு. ஆம்ப்ல கோளாறு இருந்தா மின்சாரம் அந்த வழியாத்தான் பாயும். உயிரே போகும். டிஐ பெட்டியில (கிட்டார் சிக்னலை நேரா மிக்சருக்கு அனுப்புற பெட்டி) இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் வேற, அது சிக்னல் கம்பியோட கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும்.

ஏழாம்ஃப்ரெட்:
இன்னும் ரெண்டு சந்தேகம். ஒரே 10-46 செட் ஸ்ட்ராட்ல முறுக்கா இருக்கே, அது பிரமையா? புது ஸ்ட்ரிங்கை எப்ப மாட்டணும்?

கட்டைப்பிரிட்ஜ்:
பிரமை இல்லை. நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் நீளம் ஸ்ட்ராட்ல 25.5 அங்குலம், லெஸ் பால்ல 24.75. இழுவை நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும், கணக்குப் போட்டா ஸ்ட்ராட்ல 6 சதவீதம் அதிகம். அரை ஸ்வரம் இறக்கி ஈ-ஃபிளாட்டுக்கு வெச்சா இழுவை 11 சதவீதம் குறையும், அப்ப லெஸ் பாலைவிட லேசா இருக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அப்படி இறக்கி வாசிச்சதோட சுகம் அதான்.

அரம்:
ஸ்ட்ரிங்கை முந்தின நாள் மாட்டுங்க, மேடைக்கு அரை மணி முன்னாடி வேண்டாம். தடிமனானதுக்கு சாவியில ரெண்டு மூணு சுத்து, மெல்லிசுக்கு மூணு நாலு. சுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம கீழ்நோக்கி வரிசையா இறங்கணும். அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் பிடிச்சு மெதுவா தூக்கி இழுங்க, சுருதி சேருங்க, திரும்ப இழுங்க. இழுத்தும் இறங்காம நிக்கிற வரைக்கும், நாலஞ்சு தடவை ஆகும். சுருதி எப்பவும் கீழே இருந்து மேலே ஏத்தித்தான் நிறுத்தணும். தாண்டிட்டா ஒரு ஸ்வரம் இறக்கி மறுபடி ஏறி வாங்க.

மேடை விளக்கு எரியத் தொடங்கினதும் கிட்டாரைப் பையில வைக்காதீங்க, வெளியில ஸ்டாண்டுல வைங்க. சூட்டுல கம்பி நீண்டு சுருதி இறங்கும். அரை மணி நேரம் அந்தச் சூட்டுலயே இருந்துட்டா கடைசியாச் சேர்த்த சுருதி முதல் பாட்டுலயே கீழே போகாது.

ஏழாம்ஃப்ரெட்:
ஸ்ட்ராட், தகடு ஒட்டி, நாலு ஸ்பிரிங், நட் முதல்ல. மூணாவது ஸ்ட்ரிங்கை வளைச்சு, நட்டுக்குப் பின்னாடி அமுக்கிப் பாத்துட்டு முடிவை இங்கேயே எழுதறேன்.

கட்டைப்பிரிட்ஜ்:
எழுதுங்க. பையில ஒரு உதிரி மூணாவது ஸ்ட்ரிங்கும் கம்பி வெட்டுற கட்டரும் போட்டுக்குங்க, பிரிட்ஜ் எதுவா இருந்தாலும்.