கழுவெளிக்குப் பறவை பார்க்க எந்த மாதம் போகலாம்? படகு உண்டா?

மஞ்சக்குப்பத்தான்:

கடலூரிலிருந்து கேட்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பூநாரை படம் பார்த்ததிலிருந்து நோட்டு முழுக்கப் பறவையாக வரைந்து வைத்திருக்கிறாள். பிச்சாவரத்தில் படகில் சுற்றிவிட்டு வந்தோம். சுரபுன்னைக் காட்டுக்குள் புகுந்து போனது அவளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் பறவை அதிகம் கண்ணில் படவில்லை என்று குறை. மரக்காணம் பக்கம் கழுவெளி ஏரிக்குக் கூட்டிப் போகலாமா? நவம்பரில் மழை விடுமுறை விட்டால் அப்போதே போகலாம் என்று நினைக்கிறேன். படகு விடுகிறார்களா? என் அம்மாவும் வருவார்கள். முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

லாஸ்பேட்டை வாசகி:

பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் ஊசுட்டேரியே போதுமே. புதுச்சேரியிலிருந்து கிட்டத்தட்ட பத்து கி.மீ. தான். 2008-லிருந்து சரணாலயம். நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாம் சுலபமாகப் பார்க்கலாம்.

அனுமந்தைக்காரர்:

ஊசுட்டேரியும் நல்ல இடம்தான். ஆனால் அது நல்ல தண்ணீர் ஏரி. கழுவெளியில் தெற்கே மழைத்தண்ணீர், வடகிழக்கே எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடல்நீர். இரண்டும் கலக்கிற இடத்துக்கு வருகிற பறவைக் கூட்டமே வேறு.

தம்பி, நவம்பர் மட்டும் வேண்டாம். நான் மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதியவன். ஐப்பசி, கார்த்திகையில் சுற்றுவட்டாரத்து ஏரி, குளமெல்லாம் நிரம்பி வழிந்து இங்கேதான் வந்து சேரும். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். பார்க்க அழகுதான், ஆனால் நாரைக்கும், சேற்றோரம் மேய்கிற உள்ளானுக்கும் கால் ஊன்ற இடம் இருக்காது. வாத்துகள் நடுவில் எங்கேயோ புள்ளியாகத் தெரியும். அந்த நேரத்தில் வந்துவிட்டு 'கழுவெளியில் ஒன்றுமே இல்லை' என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பொங்கல் கழிந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் வாருங்கள். தை பிற்பகுதி, மாசி. உப்பளத்தில் பாத்தி சரி செய்கிற நேரமும் அதுதான். பட்டாணி உள்ளான் ஈரச் சேற்றின் மேலேயே ஓடி ஓடிப் பொறுக்கும். நெடுங்கால் உள்ளான் அதைவிடக் கொஞ்சம் ஆழத்தில் நிற்கும். கருவால் மூக்கன் நீள அலகை அடிவரை சேற்றில் குத்தித் துழாவும். ஊசிவால் வாத்து முங்காது. தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கினால் அலகுக்கு எது எட்டுகிறதோ அதுதான் அதற்குச் சாப்பாடு. ஆக, தண்ணீர் ஒரு சாண், இரண்டு சாண் என்று இறங்க இறங்க ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாகப் பந்தி விரிகிற மாதிரிதான். மீன்கள் குட்டையில் ஒதுங்கிவிட்டால் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் அங்கேயே கிடக்கும். கரண்டிவாயன் வந்திருந்தால் மகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள். அலகைக் கொஞ்சம் திறந்து இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும், பிள்ளைகள் கண்ணை எடுக்கமாட்டார்கள்.

படகு சவாரிக்கான இடமாகக் கழுவெளியை நினைக்காதீர்கள். 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவித்தார்கள், 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. உள்ளே இறங்குவதென்றால் வனத்துறையிடம் கேட்க வேண்டும், கரையிலிருந்து பார்ப்பதே போதும். மகள் படகு கேட்டால் திரும்பும் வழியில் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுத்துறை இருக்கிறது.

அம்மாவை நடக்க வைக்கவே வேண்டாம். காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே இருந்தே பார்க்கட்டும். ஆள் இறங்கி நின்றால் பறக்கிற பறவை, வண்டிக்கு அவ்வளவு பயப்படாது.

மஞ்சக்குப்பத்தான்:

ரொம்ப நன்றி ஐயா. விடுமுறை யோசனையை விட்டுவிட்டேன். காலையா மாலையா, எது நல்லது? பூநாரை கட்டாயம் இருக்குமா? அவள் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

காலாப்பட்டு மாணவன்:

கட்டாயம் என்று சொல்ல முடியாது அண்ணா. வருகிற வருடமும் உண்டு, வராத வருடமும் உண்டு. பூநாரைதான் முக்கியம் என்றால் பழவேற்காடு ஏரிக்குத் தனியாக ஒரு பயணம் வையுங்கள். பைனாகுலர் 8 மடங்கு காட்டுவது போதும். அதற்கு மேல் போனால் பாப்பா கையில் ஆடிக்கொண்டே இருக்கும்.

அனுமந்தைக்காரர்:

காலைதான். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே ஏரி. காலையில் சாலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், சிறகின் நிறமெல்லாம் தெளிவாகத் தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் கண் கூசும், எல்லாம் கருப்பாகத்தான் தெரியும். கடலூரிலிருந்து கிட்டத்தட்ட 60 கி.மீ. வரும், இருட்டோடு கிளம்பிவிடுங்கள். கரையில் நிழல் குறைவு. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் மட்டும் கறாராகச் சொல்கிறேன். சேறு மேலே காய்ந்து வெடித்திருக்கும், நம்பி மிதித்தால் கால் உள்ளே போய்விடும். பாப்பாவைக் கரையை விட்டு இறங்க விடாதீர்கள். இன்னொன்று, கூட்டமாகப் பறப்பதைப் படம் பிடிக்க வேண்டும் என்று கை தட்டுகிறவர்கள், சேற்றில் பைக்கை விடுகிறவர்கள், ட்ரோன் பறக்க விடுகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அந்த வாத்தும் மூக்கனும் சைபீரியா வரைக்கும் திரும்பிப் போக வேண்டியவை. மாசியில் மேய்ந்து உடம்பில் சேர்க்கிற கொழுப்புதான் அவற்றுக்கு வழிச் சாப்பாடு. ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் வீணாகப் போகிறது. இதை மகளிடமும் சொல்லுங்கள், அந்த வயதில் மனதில் நன்றாகப் பதியும்.

மழை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி பெய்வதில்லை. தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள். அந்த வாரம் தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு நிற்கிறது, எங்கே வண்டியை நிறுத்தலாம் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.