பனி கொட்டும் கிராமத்துக்குக் குடிபோகிறோம், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வெண்சாரல்:
நானும் மனைவியும் ஆறு வயதுப் பையனும் நகரத்து அடுக்குமாடியிலேயே வாழ்ந்தவர்கள். கோடையில் போய் ஒரு வீடு பார்த்தோம், மிகவும் பிடித்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு, எரிவாயு ஹீட்டர், ஒரு விறகு அடுப்பு. கடைக்கு 25 கிலோமீட்டர். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. குளிரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, நல்ல உடை வாங்கினால் சமாளித்துவிடலாமா?

ஓடைக்கரை:
உடையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கரண்ட். ஆழ்துளைக் கிணறு என்றால் மோட்டார், கரண்ட் போனால் தண்ணீரும் போய்விடும், எரிவாயு ஹீட்டரிலும் பெரும்பாலானவற்றுக்கு விசிறி ஓடக் கரண்ட் வேண்டும். வீடு குளிர்ந்தால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளந்துவிடும். பிளந்தது அப்போது தெரியாது, உருகும்போதுதான் தெரியும். எங்களுக்கு முதல் வருடமே அது நடந்தது, சமையலறை முழுக்கத் தண்ணீர், மெயின் வால்வு எங்கே என்று தெரியாமல் டார்ச்சோடு அலைந்தேன். நீங்கள் அடுத்த முறை போகும்போது அந்த வால்வைக் காட்டச் சொல்லி, கையால் திருகிப் பாருங்கள். கடுங்குளிர் இரவுகளில் வெளிச்சுவரை ஒட்டிய குழாயை நூல் போல ஒழுக விடுங்கள். விறகு அடுப்பு இருப்பது பெரிய வரம், அதற்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் விறகு குறைந்தது ஆறு மாதம், சில மரங்கள் ஒரு வருடத்துக்கு மேலும் காய வேண்டும். ஈர விறகு எரித்தால் புகைபோக்கியில் தார் படிந்து ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும்.

மலைப்பாதை:
சாலையைப் பற்றி விசாரித்தீர்களா? வீட்டுக்குப் போகும் பாதையில் பனியைத் தள்ளுவது யார், அரசா, அல்லது அது தனியார் பாதை என்பதால் நீங்களேவா? கோடையில் பார்த்தால் இது தோன்றவே தோன்றாது. குளிர்கால டயர் நான்கும் போடுங்கள், 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அது வண்டி கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. வழியில் சிக்கினால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். உள்ளேயே இருங்கள், சைலன்சர் வாயை மூடிய பனியை அகற்றிய பிறகே எஞ்சினைப் போடுங்கள்.

குளிர்காற்று:
ஜெனரேட்டர் வாங்குவீர்கள் என்பதால் சொல்கிறேன். அதை வீட்டுக்குள், கராஜில், கதவு திறந்திருந்தாலும் ஓட்டவே கூடாது. ஜன்னல்களிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வெளியே வையுங்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற உயிர்கொல்லி வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹீட்டரின் புகைக்குழாய் வெளியே முடியும் இடத்தைப் பனி மூடினாலும் அதே ஆபத்துதான், ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் போய்ப் பாருங்கள். இந்த வாயுவைக் கண்டறிந்து ஒலிக்கும், பேட்டரியில் ஓடும் அலாரம் படுக்கையறைப் பக்கம் கட்டாயம் வேண்டும்.

வெண்சாரல்:
எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், பையனுக்கு ஆஸ்துமா. மருந்தை மூச்சில் இழுக்க நுண்துளிகளாக்கித் தரும் அவனுடைய நெபுலைசர் கரண்டில் ஓடுவது.

ஓடைக்கரை:
அப்படியென்றால் அடுப்பை வரம் என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். விறகுப் புகை ஆஸ்துமாவைத் தூண்டும், குளிர்ந்த வறண்ட காற்றும் அப்படித்தான். அந்த வீட்டில் கரண்ட் போனால் சூட்டுக்கு அடுப்புதான் கதி, அதுதான் பையனுக்கு ஆகாது. முதலில் அவனுடைய மருத்துவரிடம் பேசுங்கள், பேட்டரி நெபுலைசர் அல்லது ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) இன்ஹேலர் சரிவருமா என்று கேளுங்கள். அங்கே குடியிருப்பவர்களிடம், பனிப்புயல் நாளில் ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும், போன வருடம் கரண்ட் அதிகபட்சம் எத்தனை நாள் இல்லை என்றும் விசாரியுங்கள். கடும் பனிக்காலத்தில் அதே ஊரில் பையனோடு ஒரு வாரம் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள், வீடு கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை.