நைனா பேங்குக்கு குரலையே பாஸ்வேர்டா வெச்சுடலாமா?

குடியாத்தம்காரன்:
எங்க நைனாவுக்கு 71 வயசு, கண்ணுல புரை, மெசேஜ்ல வர்ற ஓடிபி தெரியமாட்டேங்குது, பக்கத்து வீட்டு பையனை கூப்ட்டு படிக்க சொல்றாரு, கேட்டா நல்ல புள்ளைடாங்குறாரு. நான் ராணிப்பேட்டைல ஷிஃப்ட். இப்ப அவர் பேங்க்ல போன் பண்ணா குரலை வெச்சே ஆளை கண்டுபிடிச்சுடுவோம், ஒரு வரியை ரெண்டு மூணு தடவை சொல்லி பதிஞ்சா போதும்னு சொல்றாங்க. அவருக்கு வசதிதான். ஆனா போன்ல என் குரலும் அவர் குரலும் ஒண்ணு, எங்கம்மாவே ஏமாந்துருக்காங்க!

காட்பாடி ஜங்ஷன்:
கால் சென்டர்ல நாலு வருஷம் இருந்தேன் ப்ரோ. அம்மா ஏமாறுறது வேற மெஷின் ஏமாறுறது வேற. நாம பேசுற தோரணைய கேட்டு ஆளை முடிவு பண்றோம், அது தொண்டை வாய் மூக்கு அமைப்பால சத்தம் எப்படி மாறுதுன்னு கணக்கு போடும். ஆனா இவர்தான்னு அடிச்சு சொல்லாது, மார்க்தான் போடும், பாஸ் மார்க் பேங்க் வெக்கிறது. டைட்டா வெச்சா சளி புடிச்ச அன்னிக்கு நைனாவையே வெளிய நிறுத்தும், லூசா வெச்சா நீங்க உள்ள போய்டலாம். சாதாரண லைன் 300லேர்ந்து 3400 ஹெர்ட்ஸ்தான் கடத்தும், அதுவே பாதி குரல்.

அகழி முதலை:
2017ல பிபிசி ரிப்போர்ட்டரோட ட்வின் பிரதர் எச்எஸ்பிசி பேங்க்கோட குரல் செக்கை தாண்டிட்டாரு, எட்டாவது தடவைல. ஏழு தடவை தப்பாகியும் லாக் பண்ணாம விட்டாங்களேன்னுதான் எனக்கு கடுப்பு. பேலன்ஸ் பாத்தாரு, பணம் எடுக்க முடியல. இப்ப குரலை காப்பி அடிக்க ஏஐ இருக்கு, ட்வின்னே வேணாம். நைனா வாட்ஸப்ல வாய்ஸ் போடுற ஆளா?

குடியாத்தம்காரன்:
தினமும் காலைல ஒரு குறள், விளக்கத்தோட, சொந்தக்காரங்க குரூப் மூணுலயும் 😭

காட்பாடி ஜங்ஷன்:
போச்சு. ஆனா பக்கத்து வீட்டு பையன்கிட்ட ஓடிபி காட்டுறது இதைவிட மோசம். பேலன்ஸ் கேக்க மட்டும் குரல்னா பதிங்க, பணம் அனுப்புறதுக்கு வேணாம். ஆண்ட்ராய்டு போன்னா டாக்பேக் ஆன் பண்ணுங்க, மெசேஜை அதுவே படிக்கும், ஹெட்போன் முக்கியம், இல்லனா பஸ்ல ஓடிபி ஊருக்கே கேக்கும். மீறி துட்டு போச்சுனா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க.

குடியாத்தம்காரன்:
அப்ப பதியல. புரை ஆபரேஷனுக்கு தை பொறக்கட்டும்னு தள்ளிட்டே இருந்தாரு, இந்த வாரமே கூட்டிட்டு போறேன்.