நேர்முகத்துல கேட்ட அந்தக் கேள்வி: டீச்சர் டிகிரிக்கு மனு போட்டவங்க வாங்க

பீடோர் பொண்ணு:

பல்கலைக்கழகத்துக்கு மனு போடுற யூபியூ, டீச்சராகணும்னா எழுதுற மெட்சி தேர்வு, அந்தக் கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுடுறேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டாங்க, போனேன். தமிழ்க்கல்வி டிகிரி. எந்த யூனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. ஏன் ஆசிரியராகணும், 21-ஆம் நூற்றாண்டுக் கற்றல்னா என்ன, இதுக்கெல்லாம் மனப்பாடமா பதில் வச்சிருந்தேன். நடுவுல இருந்தவர் வயசான மலாய்க்காரர். என் கோப்பைப் புரட்டிக்கிட்டே வந்தவர் ஆரம்பப்பள்ளி பேர்ல நிறுத்திட்டார். பேர்ல 'லாடாங்' இருக்கே, தோட்டப் பள்ளின்னு, அதான். இப்ப எத்தனை பிள்ளைங்க படிக்கிறாங்கன்னார். 18 பேருன்னேன். தங்கச்சி அங்கதான் படிக்கிறா, எனக்குத் தெரியாதா? காகிதத்து ஓரத்துல 18னு எழுதினார். சுத்தி ஒரு வட்டம் போட்டார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "நீங்க படிச்சு முடிச்சு வர்றப்போ அந்தப் பள்ளி இருக்குமா?"ன்னார்.

கிண்டலும் இல்ல, அதட்டலும் இல்ல. சாயங்காலம் மழை வருமான்னு தாத்தா கேப்பாரே, அப்படிக் கேட்டார். "இருக்கும் சார்"னேன். "எப்படிச் சொல்றீங்க?" வாயைத் திறந்தேன், ஒண்ணும் வரல. அவர் அந்த வட்டத்து மேலேயே பேனாவை இன்னொரு சுத்து சுத்தினார். பக்கத்துல இருந்த அம்மா அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க.

இடம் கிடைச்சிருச்சு, அது வேற கதை. படிக்க உட்கார்ந்தா அந்த வட்டம்தான் கண்ணுல நிக்குது. உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா எழுதுங்க.

கொய்யாக்கடை:

எனக்கு 2021. கோவிட் நேரம், நேர்முகம் கூகுள் மீட்ல. கணிதக் கல்விக்குக் கேட்டிருந்தேன். தோட்டத்து லயத்து வீட்டுல இன்டர்நெட் லைன் ஒரு கோடு காட்டும், மழை வந்தா அதுவும் போயிரும். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில வேலை. மேனேஜர்கிட்ட சொல்லி, பழ லாரி நிறுக்கிற ஆபீஸ்ல உட்கார வச்சாரு. அங்க வைஃபை இருந்துச்சு. கிராணி அங்கிள், அந்த ஆபீஸ் கிளார்க், பெரிய மனசு பண்ணி மேசையைக் காலி பண்ணிக் குடுத்தார்.

ஆனா லாரி நிக்குமா? வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. டிக்கெட் அடிக்கிற பிரிண்டர் என் முழங்காலுக்குப் பக்கத்துல. கேமராவுல தெரியக்கூடாதுன்னு அங்கிள் மண்டி போட்டுத் தவழ்ந்து வந்து பட்டனை அழுத்துவார். அது கீச்சுனு கத்தும். மறுபடி தவழ்ந்து போவார். மூணாவது தடவை கத்தினப்போ அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மா, அது என்ன சத்தம்னு கேட்டாங்க. செம்பனை லாரி நிறுக்கிறாங்கன்னு சொன்னேன். "சரி, அதையே படிவம் ஒன்று பிள்ளைங்களுக்குக் கணக்கா குடுங்க"ன்னுட்டாங்க.

மேசை மேல கெடந்த டிக்கெட்டைப் பார்த்தே சொன்னேன். பழத்தோட லாரி 17,480 கிலோ, இறக்கிட்டு காலியா வர்றப்போ 6,920 கிலோ, பழம் மட்டும் எவ்வளவு? அடுத்து விகிதத்துக்குப் போகலாம்னு மூச்சு இழுத்தேன், மேசைக்கடியிலிருந்து அங்கிள், "10,560 மா"ன்னார். மைக்ல நல்லாவே கேட்டிருக்கும். மூணு பேரும் சிரிச்சாங்க. எனக்குக் கிடைக்கல. அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதா கெட்டதான்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. அங்கிள்கிட்ட ரிசல்ட் சொல்லவே இல்ல, பாவம்.

பழைய வாத்தியார்:

இரண்டு பேர் எழுதியதையும் வாசித்தேன். என் கதை சின்னது. நான் மக்தாப் (ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி) காலத்து ஆள். அப்போது பயிற்சி முடித்தால் சான்றிதழ்தான், பட்டமெல்லாம் பிறகு வந்தது. நேர்முகத்தில் ஒரு சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்து, கரும்பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நேராகக் கோடு போடு என்றார்கள். போட்டேன். போகலாம் என்றார்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை. 30 ஆண்டுக்கு மேல் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அந்தக் கோடு எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பீடோர் பொண்ணு, உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது மகளே. 150 மாணவருக்குக் கீழே போனால் கல்வி அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கு வைக்கும், எஸ்கேஎம் என்பார்கள். நம் தோட்டப் பள்ளிகள் ஏராளம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதாலேயே பூட்டிவிடுவதில்லை. பள்ளியின் உரிமத்தை ஆள் இருக்கிற தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, மாற்றிக் கட்டுகிறார்கள். பல இடங்களில் அப்படி நடந்திருக்கிறது, 'லாடாங்' என்ற பெயரோடு தாமான் நடுவில் நிற்கும் பள்ளிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். "பள்ளி இருக்கும் ஐயா, அதே இடத்தில் இருக்குமா என்றுதான் கேட்க வேண்டும்" என்று சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிந்ததும் பிள்ளையை, பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான ஆறாம் படிவம், மெட்ரிக் என்று இழுத்தடிக்காதீர்கள். எஸ்பிஎம்மில் குறைந்தது 5 ஏ இருந்தால் ஐபிஜி என்கிற ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கு நேராக மனு போடலாம். நாடு முழுக்க 27 வளாகம். நமக்குப் பக்கம் ஈப்போ வளாகம், உலு கிந்தாவில் இருக்கிறது. ஓராண்டு ஆயத்தப் படிப்பு, பிறகு நான்காண்டு பட்டம். மாதாமாதம் அலவன்ஸ் உண்டு, கடன் இல்லை. பிள்ளைகளை எஸ்பிஎம்மில் தமிழ்மொழியோடு தமிழ் இலக்கியமும் எடுக்க வையுங்கள். ஆள் இல்லை என்று பள்ளியில் கைவிரித்தால் விடாதீர்கள், வெளியில் படித்தாவது எழுத வையுங்கள். நேர்முகத்துக்குக் கறுப்புச் சப்பாத்து. நகம் வெட்டியிருக்க வேண்டும். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். கையை மேசைமேல் வைக்கக் கூடாது. நாளிதழ் தலையங்கம் தினமும் வாசிக்க வேண்டும். மலாயில் கேட்டால் மலாயில், தமிழில் கேட்டால் தமிழில், இரண்டையும் கலக்கக் கூடாது. கல்வி அமைச்சர் பெயர், துணையமைச்சர் பெயர், மாநிலக் கல்வி இயக்குநர் பெயர் மூன்றும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

ஆறாம் படிவக்காரி:

ஐயா மன்னிக்கணும், "இழுத்தடிக்காதீர்கள்"னு நீங்க சொன்னது குத்துது. 5 ஏ எடுத்தவங்களுக்கு உங்க பேச்சு சரி. என்கிட்ட இருந்தது 3. எனக்கெல்லாம் ஆறாம் படிவத் தேர்வு, எஸ்டிபிஎம்தான் வழி. தெலுக் இந்தான் பக்கம் போய்ப் படிச்சேன். விடியறதுக்கு முன்ன பஸ், பசியாறினதே பஸ்லதான். மூணு தவணை அப்படி ஓடுச்சு.

அப்புறம் ஐபிஜியும் யூனியும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இங்க எல்லாரும் பேசுறீங்க. ஐபிஜி ஆரம்பப்பள்ளிக்கு, எஸ்பிஎம் வச்சு உள்ள போறது. உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம்) மாதிரி யூனியில குடுக்கிற கல்வி டிகிரி பெரும்பாலும் இடைநிலைப் பள்ளிக்கு, எங்கள மாதிரி எஸ்டிபிஎம், மெட்ரிக் முடிச்சவங்க யூபியூ வழியா போடுறது. அதுல மெரிட் 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு கோகோ, அதான் புறப்பாட நடவடிக்கை. ரெண்டுக்கும் வாசல் வேற, சாவி வேற. தாமதமாப் போனா குறைஞ்ச ஜாதி டீச்சர்னு ஒண்ணும் இல்ல.

என் கதை சைபர் கடைக் கதை. கடை பேர் வேணாம், இப்ப அது போன் கடையா ஆயிருச்சு. யூபியூ போட்டுக் குடுக்க 15 வெள்ளி. நான் முதல் தேர்வா தமிழ்க்கல்வி எழுதிக் குடுத்தேன். அந்த அண்ணன் ஒரே நேரத்துல நாலஞ்சு பிள்ளைங்களுக்குத் தட்டிக்கிட்டு இருந்தாரு, "கவலைய விடு தங்கச்சி"ன்னாரு. வீட்டுல வந்து ஸ்லிப்பைப் பிரிச்சா முதல் வரியில விவசாய டிப்ளோமா மாதிரி என்னமோ நிக்குது, தமிழ்க்கல்வி அஞ்சாவது! போன் பண்ணினேன். "அது ஈசியா கிடைக்கும், அதான் மேல போட்டேன்"ங்கிறாரு. என் வாழ்க்கைக்கு அவரு வரிசை போடுறாரு.

திருத்தலாம், மூடுற தேதி வரைக்கும் திருத்த விடுவாங்க. அன்னிக்குத்தான் கடைசி நாள். ஓடிப்போனா கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கு. குனிஞ்சு உள்ள பூந்துட்டேன். அவரு பணத்தை எண்ணிக்கிட்டு இருக்காரு. "மாத்துங்க, நான் பாக்கணும்"னு பின்னாடி நின்னேன். அந்த கீபோர்டுல எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எழுத்தே தெரியல, ஒவ்வொரு நம்பரா நான் சொல்லச் சொல்ல அடிச்சாரு. மறுபடி 15 கேட்டாரு பாருங்க. குடுத்தேன், என்ன பண்றது. இப்ப செமஸ்டர் ஆறு. இன்னும் அந்த அண்ணனைச் சந்தையில பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறேன்.

ஆமா, மெட்சி எழுதாதவங்களைக் கல்வித்துறைக்குப் பார்க்கவே மாட்டாங்க, அதை யாரும் இங்க அழுத்திச் சொல்லல. குணம், தொழில் ஆர்வம், நேர்மை, உணர்ச்சியைக் கையாளுறது, இதெல்லாம்தான் அளக்கிறாங்க. ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கிற மாதிரி இருக்கும். எங்கப்பா பக்கத்துல உட்கார்ந்து "நல்ல பிள்ளையா பதில் போடு"ன்னு ஒவ்வொண்ணுக்கும் பஞ்சாயத்து பண்ணினாரு. தண்ணி எடுத்துட்டு வாங்கப்பான்னு அனுப்பிட்டுத்தான் முடிச்சேன்.

சுங்காய் சடக்கு:

என்னோடது அப்பா கதைதான். உப்சிக்கு நேர்முகம். பீடோர்ல ரயில் நிக்காது, ஸ்டேஷனே கிடையாது, அதனால பழைய சடக்கு வழியா அப்பா காடியில சுங்காய், சிலிம் ரீவர் தாண்டித் தஞ்சோங் மாலிம் போனோம். இளவயசுல அவரு அங்க மர லாரி ஓட்டினவரு. "யூனி எனக்குத் தெரியாதா"ன்னு நேரா பழைய வளாகத்துக்குள்ள விட்டாரு. அங்க சுலு புடிமான் கட்டடம் இருக்கே, 1922ல சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி ஆரம்பிச்ச காலத்துக் கட்டடம், அதுக்கு முன்னாடி நிறுத்திட்டாரு. கடுதாசியில போட்டிருந்தது புது வளாகம், புரோட்டோன் சிட்டி பக்கம். நான் கடிகாரத்தைப் பாக்குறேன், அவரு கட்டடத்தைப் பாக்குறாரு. "இங்கதான்டா, இதுதான்டா டீச்சருங்க படிக்கிற இடம்"ங்கிறாரு. கார்டு வந்து வழி சொன்னாரு. அப்பாவுக்குக் கோபம், கார்டு பொய் சொல்றாருன்னு. கடுதாசியைக் கையில குடுத்தேன். அவருக்கு மலாய் வாசிக்க வராது, அது அப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது. வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துட்டு, மடிச்சுக் குடுத்தாரு. "சரி, நீ சொல்ற பக்கம் ஓட்டுறேன்"னாரு. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டோம். நேர்முகத்துல என்ன கேட்டாங்கன்னு ஒண்ணுகூட ஞாபகமில்ல.

பால்வெட்டு பேரன்:

சான்றிதழை யாரும் லேமினேட் பண்ணாதீங்கப்பா. எங்கம்மா பாசத்துல எல்லாத்தையும் பண்ணி வச்சிருந்தாங்க, திருவாசகப் போட்டி மூணாவது பரிசு உட்பட. நகல் எடுத்தா பளபளப்பு விழுந்து கோட்டப் பிரதிநிதின்னு போட்டிருந்த வரி மட்டும் வெள்ளையா போச்சு. சாப்பு, அதான் முத்திரை, குத்தித் தர வேண்டிய அதிகாரி, "இது எனக்குத் தெரியல, கையெழுத்துப் போட மாட்டேன்"னுட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அம்மா பிளேடு வச்சு பிளாஸ்டிக்கைப் பிரிச்சாங்க, பேரு பாதி பிளாஸ்டிக்கோட வந்துருச்சு. கோகோ மார்க்குல ஒரு பங்கு அங்கயே கிழிஞ்சது.

பழைய வாத்தியார்:

ஆறாம் படிவக்காரி, நான் யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. என் மகளும் ஆறாம் படிவம் படித்தவள்தான். ஆனால் ஒன்று, யூனி முடித்தாலும் எஸ்பிபி என்கிற கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகம் தாண்ட வேண்டும், அதற்கு நீ இப்போதே தயாராக வேண்டும். இரண்டாவது, பிடிபிடிஎன் கல்விக் கடன் எடுக்கிறவர்கள் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் வங்கியில் நிற்காதீர்கள். மூன்றாவது,

கொய்யாக்கடை:

ஐயா மூணாவது நகம் வெட்டுறதா 😄

பீடோர் பொண்ணு:

ஐயா, உரிமம் மாத்துற பதில் நல்லா இருக்கு, குறிச்சு வச்சுக்கிட்டேன். ஆனா அது எனக்கு உதவாது. தாமானுக்குப் பள்ளி போனா எங்க லயத்துல இருக்கிற அஞ்சு வீட்டுப் பிள்ளைங்க எதுல போவாங்க? ஸ்கூல் வேனுக்கு மாசம் ஆளுக்கு 80 வெள்ளி கேக்கிறாங்க. அந்தப் பெரியவருக்கு இது தெரிஞ்சிருக்கும்னுதான் தோணுது, அதனாலதான் ரெண்டாவது சுத்து போட்டாரோ என்னவோ. அப்படியே சொல்லியிருந்தாலும் "எப்படிச் சொல்றீங்க"ன்னுதான் கேட்டிருப்பார்.

ஆறாம் படிவக்காரி, உன் சைபர் கடை அண்ணன்கிட்டதான் எங்க மாமா பொண்ணும் போட்டா! அவளுக்கு இந்த வருஷம் நேர்முகம் வருது, பயந்து செத்துக்கிட்டு இருக்கா. சனிக்கிழமை கோயில் மண்டபத்துல மாதிரி நேர்முகம் வைக்கலாமா? ஐயா நடுவுல உட்காருங்க, சுண்ணக்கட்டியும் கொண்டு வாங்க.

கொய்யாக்கடை:

நான் வரேன். அடுத்த வருஷம் நானும் மறுபடி போடுறேன், எனக்கும் சேர்த்துக் கேளுங்க.

சுங்காய் சடக்கு:

வா. கிராணி அங்கிளை மட்டும் கூட்டிட்டு வராத.