எழுதுவதை விட்டுவிடலாம் என்றிருந்தபோது எதிர்ப்பட்டவர்கள்

தென்காசிச் சகோதரி:

எங்கள் திருச்சபைச் சேகரத்து மாத இதழில் 9 ஆண்டுகளாகத் தியானக் கட்டுரை எழுதி வருகிறேன். ஐந்தாம் ஆண்டிலேயே மனம் சோர்ந்துவிட்டது. படித்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆராதனை முடிந்ததும் பெஞ்சுகளில் கிடந்த இதழ்களைப் பொறுக்கி அடுக்கும்போது அழுகை வரும்.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஓர் அம்மா இறந்துபோனார். அடக்க ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி குருவானவர் கேட்டார். பிறந்த ஊர், திருமணம், பிள்ளைகள், 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அரை மணி நேரத்தில் எழுதி முடித்து மகளிடம் காட்டினேன்.

"எல்லாம் சரிதான் அக்கா. ஆனால் இதில் எங்கள் அம்மா இல்லையே" என்றாள்.

திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கீர்த்தனையில் ஒரே ஒரு சரணம்தான் மனப்பாடம். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையில் தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டும் விரல்கள் மின்சாரம் போன இருட்டிலும் நிற்காதாம். ஒரு கட்டு முடிந்ததும் அந்தச் சரணத்தைப் பாடுவார். பாயில் படுத்திருக்கும் பிள்ளைகள் பாட்டை எண்ணியே எத்தனை கட்டு ஆயிற்று என்று சொல்லிவிடுவார்கள். கூலி குறைந்த வாரத்திலும் காணிக்கைக் காசு முந்தானையில் தனியாக முடிந்திருக்கும்.

எழுதியதைக் கிழித்துவிட்டு அங்கேயே மறுபடி எழுதினேன். மறுநாள் ஆலயத்தில் வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் யாரோ அந்தச் சரணத்தை மெல்லத் தொடங்க, சபை முழுவதும் சேர்ந்து பாடியது. என் பழைய கட்டுரைகளில் கிருபை இருந்தது, இரக்கம் இருந்தது, ஆள் இல்லை. இப்போதெல்லாம் எழுத உட்காரும் முன் தெருவில் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். எழுதும் பிள்ளைகள் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

தஞ்சாவூர்ச் சகோதரர்:

சகோதரி எழுதியதைப் படித்ததும் ஒரு முதியவர் நினைவுக்கு வந்தார். 300 பக்க நூல் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். இவ்வளவு காகிதச் செலவு தாங்காது, பாதியாகக் குறையுங்கள் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். மனது கனத்துத் தரங்கம்பாடிக்குப் போனேன். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க், தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கே பேச்சுக் கொடுத்த முதியவர், பழைய அச்சகமொன்றில் வெகுகாலம் அச்சுக் கோத்தவர். அவர் சொன்ன கதை இது: ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. காகிதமோ தட்டுப்பாடு. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. "காகிதம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குவோம் தம்பி. விஷயத்தில் கை வைக்க மாட்டோம்" என்றார்.

ஊருக்குத் திரும்பி, சிறிய எழுத்தில் கோத்து, என் செலவில் 100 பிரதி அச்சிட்டேன். ஒரு வரியையும் நீக்கவில்லை.

பாளையங்கோட்டைச் சகோதரி:

எனக்கு 61 வயது. இந்த வயதில் கவிதை எழுதத் தொடங்குவது வெட்கமாக இருந்தது. காய்கறிச் சந்தையில் பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியையைப் பார்த்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறித்தவக் காப்பியம் 1894இல் வெளிவந்தபோது அதைப் பாடிய கிருஷ்ண பிள்ளைக்கு 67 வயது. நம் ஊரில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா? எழுதியதை வெள்ளிக்கிழமை கொண்டு வா, திருத்தித் தருகிறேன்" என்றார்.

மூன்று வெள்ளிக்கிழமைகள் போய் வந்துவிட்டேன். கண் மங்கிய நிலையிலும் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறார். நேற்றுத் திரும்பி வந்த தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "சந்திப்பிழை 7. நான்காம் அடி நன்று. அடுத்தது எங்கே?"