கலைச்சொல்: 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' – வெள்ளிக்குள் வேண்டும்

டீச்சர் (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழி வகுப்பு எடுக்கிறேன். பக்கத்துக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். அங்கே மலையாளப் பலகை இருக்கிறது, தமிழிலும் வைக்கச் சம்மதித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பெயின்டர் வருகிறார். கழிவுநீரைச் சுத்தமாக்கத் தொட்டியில் வைத்திருக்கும் சேறான 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' மட்டும் இடிக்கிறது. 'செயலூட்டப்பட்ட கசடு' என்றால் எட்டாம் வகுப்புக்கு என்ன புரியும்?

புலவர் (கோவை):
கசடே வேண்டாம். 'கற்க கசடற' என்றார் வள்ளுவர். ஆற்றைக் காக்கும் பொருளுக்குக் குற்றத்தின் பெயரா? 'கச' என்னும் வேரிலிருந்தே கசப்பு, கசிவு, கசங்கல் எல்லாம் கிளைத்தன என்பது என் துணிபு. விரித்துத் தனி மடல் எழுதுகிறேன். 'வண்டல்' என்க. அப்படியே 'சுத்திகரிப்பு' என்பதைத் 'தூய்மிப்பு' ஆக்குக.

பொறியாளர் (பாலக்காடு):
கசப்பும் கசங்கலும் ஒரே குடும்பமா ஐயா! சரி, அது இருக்கட்டும். வண்டல் என்றால் ஆறு கொண்டுவந்து போடும் மண். இது பெரும்பாலும் நுண்ணுயிர்க் கூட்டம். சாக்கடை நேரே ஆற்றில் விழுந்தால் அழுக்கை ஆற்று நுண்ணுயிர்களே தின்னும். தின்கிற வேகத்தில் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன் செத்து மிதக்கும். அந்தத் தீனியைத் தொட்டிக்குள் காற்றடித்து முன்னாலேயே முடித்துவிடுகிறோம். அடுத்த தொட்டியில் கூட்டம் அடியில் படியும், தெளிந்த நீர் கிருமி நீக்கியபின் ஆற்றுக்குப் போகும். படிந்ததில் ஒரு பங்கைத் திரும்பக் காற்றுத் தொட்டிக்கே பம்ப் செய்வோம், மிஞ்சியதைத்தான் வெளியே எடுப்போம். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான்: படிந்ததைக் கொட்டிவிடாமல் அதன்மேலேயே புதுக் கழிவுநீரை விட்டுக் காற்றடிக்க, வாரக்கணக்கில் இழுத்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஆகவே பெயரில் 'உயிர்', 'திரும்ப விடுவது' இரண்டும் தெரியவேண்டும். இல்லையென்றால் 'ஸ்லட்ஜ்' என்றே போடுங்கள், ஆபரேட்டர் அப்படித்தான் சொல்கிறார்.

தமிழாசிரியர் (மீனாட்சிபுரம்):
உயிருள்ளது, கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்ததில் விடுவது. அட, தயிருக்கு உறை ஊற்றுவதுதானே! புறநானூறு 276-இல் 'குடப்பால் சில்லுறை' வருகிறது, ஆய்மகள் நகத்தால் தெறித்த துளி. மலையாளத்திலும் 'உற ஒழிக்குக' என்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் பழக்கம். 'உறைக்கசடு' என்று வைக்கலாம்.

புலவர்:
சில்லுறையை நினைவூட்டியதற்கு மகிழ்ச்சி. ஆனால் அங்கே ஒருவன் பகைப்படை முழுவதற்கும் நோயானதற்கு அது உவமை! தவிர வாளுக்கும் உறை, தலையணைக்கும் உறை. 'உறைந்த கசடு' என்று ஐஸ்கட்டியை நினைத்துக்கொள்ளாதா பிள்ளை? இதைப் பார்க்கும்போது, உங்கள் சித்தூர்ப் புழையைச் 'சோகநாசினி' என்கிறார்களே, 'துயர்கெடுப்பாள்' என்றால் என்ன குறைச்சல்?

தமிழாசிரியர்:
ஐயா, ஆனைமலையில் புறப்பட்டு பாரதப்புழையில் சேருகிற ஆறு அது. மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் கரையில் இருந்த ஆறு. அதன் பெயரைக் கோவையிலிருந்து மாற்ற வேண்டாம்.

பொறியாளர்:
உறைக்கசடு எனக்குச் சம்மதம். திரும்ப விடும் பங்கை 'மீள்கசடு' என்றால் குழப்பமிருக்காது. கீழே சின்ன எழுத்தில் 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' இருக்கட்டும். பரீட்சையில் கேட்டால் பிள்ளை முழிக்கக் கூடாது.

டீச்சர்:
நன்றி. உறைக்கசடு, மீள்கசடு இரண்டையும் பெயின்டரிடம் கொடுத்துவிட்டேன். ஒற்று மிகும் என்பதை அவருக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். சுத்திகரிப்பு அப்படியே இருக்கிறது ஐயா, பேருந்து நிறுத்தத்திலும் அதே பெயர்தான்.

புலவர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்க. கசடு பற்றிய தனி மடல் நாளை வரும்.