கருத்தரங்குக்குப் பிள்ளையையும் கூட்டிப் போகலாமா?

வணக்கம். நாங்கள் திருநெல்வேலி. மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். ஏப்ரல் 2 ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டிச் சென்னையில் நடக்கும் பெற்றோர் கருத்தரங்குகளுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். மைக் சத்தத்தில் எப்படி உட்காருவான்? பிள்ளைகளுக்குத் தனியாக அமைதியான அறை, பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? பேச்செல்லாம் ஆங்கிலத்திலேயே ஓடுமா? (மாமியாரும் வருகிறேன் என்கிறார், அதற்காகத்தான்.) முட்டுக்காட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பு.

அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை உண்டே, பேச்சுப் பயிற்சி பில்லுக்குப் பணம் வாங்கியவர்கள் என்னென்ன வைத்து அனுப்பினீர்கள்? நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் நம்மைப் போன்ற பெற்றோர் கூடும் இடம் இருந்தாலும் சொல்லுங்கள், ஞாயிறு என்றால் ரொம்ப வசதி.